தீச்சுவர் இருக்கிறதென்று படலையைத் திறந்து வைப்பதா?

"தீச்சுவர் இருக்கிறதே, பிறகென்ன?" வழங்கிகளைப் பராமரிக்கும் நண்பர்களிடம் இப்பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

தரவுத்தளம் போன்ற சேவை நிரல் பின்னணியில் ஓயாது இயங்கி அழைப்புக்காகக் காத்திருக்கிறது. எந்த முகவரியில் அது செவிமடுக்க வேண்டும் என்பதனை அமைவுக் கோப்பின் ஒரேயொரு வரி தீர்மானிக்கிறது. அங்கே 127.0.0.1 என்றிருந்தால், அதே கணினிக்குள்ளிருந்து எழும் அழைப்பு மாத்திரமே அதனை எட்டும். 0.0.0.0 என்றிருந்தால், அக்கணினிக்குரிய எல்லா முகவரிகளிலும் காது திறந்திருக்கும். பத்திரிகைக் காரியாலயத்தில் விளம்பரப் பிரிவு தெருவைப் பார்த்திருக்கலாம். அச்சுக்கோப்பு அறைக்குத் தெருவாசல் எதற்கு?

மொங்கோடிபி என்னும் தரவுத்தளத்தின் பழைய பதிப்புகள் எல்லா முகவரிகளிலும் செவிமடுத்தன, கடவுச்சொல்லும் கேட்கவில்லை. 2015 பெப்ரவரியில் ஜெர்மனியின் சார்லாந்துப் பல்கலைக்கழக மாணவர் மூவர், இணையத்தில் இவ்வாறு திறந்து கிடந்த ஏறத்தாழ 40,000 தரவுத்தளங்களைக் கண்டு எச்சரித்தனர். 2016 ஏப்ரலில் மெக்சிக்கோவின் கோடிக்கணக்கான வாக்காளர்களின் பெயரும் வீட்டு முகவரியும் இதே வகையில் வெளியே கிடந்தமை தெரியவந்தது. ஆட்கடத்தல் மலிந்த நாடு அது! 2017 ஜனவரியில் கொள்ளையர் புகுந்தனர். பல்லாயிரம் தரவுத்தளங்களை அழித்து, 0.2 பிட்கொயின் தந்தால் மீட்டுத் தருவோம் என எழுதி வைத்தனர். பலவற்றில் தரவு பிரதியெடுக்கப்படாமலே அழிக்கப்பட்டிருந்தது என்றனர் ஆராய்ந்தோர்.

பாதுகாப்பு வசதிகள் மென்பொருளிலேயே உள்ளன, பயன்படுத்தியிருந்தால் தடுத்திருக்கலாம் என்றது நிறுவனம். உண்மைதான். ஆயினும், திறந்த கதவோடு வீட்டைக் கையளித்துவிட்டுப் பூட்டு அலுமாரிக்குள் இருக்கிறது என்பது என்ன நியாயம்? லினக்ஸ் பொதிகள் சிலவற்றில் 2014 இலேயே செய்த திருத்தத்தை எல்லாப் பொதிகளுக்கும் விரிக்க 2017 இன் இறுதிவரை சென்றது.

பல கணினிகள் ஒரே தரவுத்தளத்தைப் பகிரும் இடத்தில் 127.0.0.1 போதாது என்பர். ஒப்புக்கொள்கிறேன். அங்கே உள்வலையின் முகவரியைக் குறித்து, கடவுச்சொல்லும் இடுக. 0.0.0.0 அதற்கு விடையன்று. தீச்சுவரின் விதிகளை எவரோ ஒருவர் ஒருநாள் அவசரத்தில் தளர்த்துவார். செவிமடுக்காத நிரலை அப்போதும் வெளியார் எட்ட முடியாது.

என் வழங்கி, என் விருப்பம் என்போருக்கும் ஒன்று. 2018 பெப்ரவரி 28 இல் கிட்ஹப் தளத்தின்மீது விநாடிக்கு 1.35 டெராபிட் வேகத்தில் தரவு வெள்ளம் பாய்ந்து, தளம் சில நிமிடங்கள் முடங்கியது. அனுப்புநர் முகவரியைப் போலியாக இட்டுச் சிறு கேள்விகளை விடுத்தவர்கள் தாக்குநர்கள். பெரும் பதில்களைக் கிட்ஹப்பின்மீது கொட்டியவையோ, எவரெவரோ உலகெங்கும் பொது முகவரியில் திறந்து வைத்திருந்த மெம்காஷ்ட் நிரல்கள்.