கற்சுவரைக் காக்கும் கைகளுக்குக் கூலி வேண்டும்

இத்தாலி நாட்டின் வடமேற்கே லிகூரியா கடற்கரையில் மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. சமவெளி மிகக் குறைவு. இந்தச் சரிவில் மொண்டரோஸோ, வெர்னாட்ஸா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜோரே என்று ஐந்து கிராமங்கள் உள்ளன. இவற்றைச் சேர்த்து 'சிங்குவே தெர்ரே' என்பர். 'ஐந்து நிலங்கள்' என்பது இதன் பொருள்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக இங்குள்ள விவசாயிகள் மலையை வெட்டி, கல் அடுக்கி, கூடையில் மண் சுமந்து படிக்கட்டு நிலங்களை அமைத்தார்கள். கடலுக்குச் சற்று மேலே தொடங்கி 400 மீட்டர் உயரம் வரை இவை ஏறுகின்றன. முக்கியப் பயிர் திராட்சை. கடற்காற்றுக்குத் தாங்கும்படி கொடியைத் தாழ்வான பந்தலில் படர விடுவது பழைய வழக்கம். பழத்தைக் காற்றோட்டமான நிழலில் உலர்த்தி 'ஷாக்கெட்ரா' என்னும் இனிப்பு ஒயின் தயாரிக்கிறார்கள்.

காரையில்லாக் கல் கட்டு

இந்நிலங்களைத் தாங்கும் சுவர்களில் சுண்ணாம்போ சிமெண்டோ கிடையாது. பெரிய கல் அடியில் அமைய, சுவர் மலைப்பக்கம் சற்றே சாய்ந்து நிற்கும். பின்புறம் சிறு கற்கள் நிரப்பப்படும். மண்ணில் இறங்கும் மழைநீர் கல் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும். நீர் வெளியேற வழியின்றிப் பூசி அடைத்தால், பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும்.

ஆனால் இத்தகைய சுவர் ஒரு முறை கட்டி மறந்துவிடக் கூடியதன்று. மழையில் ஒரு கல் சரியும்; காட்டுப்பன்றி கிளறி இரண்டு கல்லைத் தள்ளும். அன்றே எடுத்து வைத்தால் அரை நாள் வேலை. விட்டுவிட்டால் அடுத்த மழையில் சுவரே போகும்.

ஆள் போனால் சுவர் போகும்

லா ஸ்பெசியா நகரில் கப்பற்படைத் தளம் அமைந்தது. 1874-ல் ரயில் பாதையும் வந்தது. மாதச் சம்பளம் கிடைத்ததும் இளைஞர்கள் மலையை விட்டு இறங்கினார்கள். இருபதாம் நூற்றாண்டில் திராட்சைத் தோட்டங்களின் பெரும்பகுதி கைவிடப்பட்டது.

2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய பேய்மழையில் வெர்னாட்ஸாவும் மொண்டரோஸோவும் சேற்றில் புதைந்தன. உயிர்களும் பலியாயின. வெர்னாட்ஸா சரிவுகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, அண்மையில் கைவிடப்பட்ட படிக்கட்டு நிலங்களே அதிகம் சரியக் கூடியவை என்று தெரிந்தது. சாகுபடியில் இருந்த நிலங்களிலும் சரிவுகள் நேர்ந்தன, அவை சிறியவை.

'கைவிட்ட நிலம் தானே காடாகட்டும்' என்பாரும் உண்டு. நன்கு வளர்ந்த காடு மண்ணைப் பிடிக்கும் என்பது மெய்தான். ஆனால் சுவர் சரிந்து, மரம் வேரூன்றுவதற்கு இடைப்பட்ட காலம்தான் ஆபத்தானது. அந்த ஆபத்து கீழேயுள்ள ஊரின் தலைமேல் தொங்குகிறது.

செலவு யாருடையது?

1997-ல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1999-ல் தேசியப் பூங்கா அமைந்தது. இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் காரையில்லாக் கல் கட்டுக் கலைக்கு 2018-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. மனரோலாவில் சுவர்களைச் சீரமைக்க 2019-ல் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் ஒரு திட்டமும் தொடங்கியது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும் திட்டத்துக்கு முடிவு உண்டு. சுவரின் தேவைக்கு முடிவில்லை.

சுற்றுலாப் பயணிகள் பார்க்க வருவது அந்தச் சுவர்களைத்தான். விடுதியும் கடையும் பிழைப்பது அவற்றால்தான். ஊரைச் சேற்றிலிருந்து காப்பவையும் அவையே. அப்படியிருக்க, பராமரிப்புச் செலவை திராட்சை விற்ற காசிலிருந்து விவசாயி மட்டும் ஏற்பது நியாயமாகாது. சாலைக்கும் பாலத்துக்கும் ஒதுக்குவதுபோல, ஆண்டுதோறும் சீர்செய்யும் சுவரின் நீளத்தைக் கணக்கிட்டு விவசாயிக்குக் கூலி தர வேண்டும். பூங்காவின் நடைபாதைகளில் வசூலாகும் கட்டணத்திலும் அதற்கு ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். கல் அடுக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கும்போதே இளைஞர்களுக்குத் தொழிலைக் கற்பிப்பது அவசியம்.

சரிவில் நிலம் வைத்திருக்கும் எந்த ஊர் விவசாயிக்கும் இதில் பாடம் உண்டு. மழைக்கு முன்பு ஒரு முறை, மழை விட்ட பின்பு ஒரு முறை கல் வரப்பைச் சுற்றி வாருங்கள். புடைத்த இடத்தைப் பிரித்து அடுக்குங்கள். நீர் கசியும் இடுக்கை அடைக்காதீர்கள். சரிந்த கல்லை அன்றே தூக்கி வைப்பதே மிகச் சிக்கனமான மண் பாதுகாப்பு.