கை வேலையில் இருக்கும்போதுதான் கதை வருகிறது

கதை, கவிதை எழுத ஆசைப்படும் பெண்களுக்கு யோசனை சொல்கிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். 'தினமும் ஒரு மணி நேரம் தனி அறையில் மேஜை முன்னால் உட்காருங்கள்' என்று. தனி அறையும் மேஜையும் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை விடுங்கள். உட்கார்ந்தால்தான் எழுத வரும் என்பதே சரிதானா?

நம் பெண்கள் பாட்டுக் கட்டியதெல்லாம் எப்போது? நாற்று நடும்போது, நெல் குத்தும்போது, தூளியை ஆட்டும்போது, கும்மி அடிக்கும்போது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே அம்மானை, பந்தாட்டம், ஊஞ்சல், உலக்கைப் பாட்டு என்று வரிசையாக வருகிறது. உலக்கை மேலே போய்க் கீழே இறங்குகிற நேரம்தான் பாட்டுக்கு அளவு. மாரடிப் பாட்டும் அப்படித்தான். அடிக்கிற கை நின்றால் வரியும் நின்றுவிடும்.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. 176 பேரை வைத்துப் பார்த்ததில், உட்கார்ந்திருப்பதைவிட நடக்கும்போது புதுப்புது யோசனைகள் சராசரியாக 60 சதவிகிதம் கூடுதலாக வந்தனவாம். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் வந்தது. நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பலன் இருந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடை கண்டுபிடிக்க வேண்டிய கேள்விக்கு நடை உதவவில்லை. ஆகவே பால் கணக்கை உட்கார்ந்தே போடலாம்!

இதைப் படித்துவிட்டு, 'பாத்திரம் தேய்ச்சா கவிதை வருமாம்' என்று வீட்டு ஆண்கள் இன்னும் நாலு பாத்திரத்தைத் தள்ளிவிட வேண்டாம். எல்லா வேலையும் ஒன்றல்ல. காலை 7 மணிக்குக் குக்கர் விசிலும் டிபன் பாக்ஸும், காணாமல் போன ஒற்றை ஷூவுமாகப் பறக்கும்போது எரிச்சல்தான் வரும், கற்பனை வராது. பூத் தொடுப்பது, கீரை ஆய்வது, துணி மடிப்பது போல, கை தானாகச் செய்து மனசைச் சும்மா விடுகிற வேலைதான் நான் சொல்வது. அம்மிக்குத் திரும்பணும்னும் சொல்ல வரலை. அந்தத் தோள்வலி அரைத்தவளுக்குத்தான் தெரியும்.

உடம்பைக் கவனித்தால் எழுத்தும் மாறும். 'அவள் மிகவும் பயந்தாள்' என்று எழுதுவதற்கு முன், பயந்தால் நம் வயிறு என்ன ஆகிறது, உள்ளங்கை எப்படி வேர்க்கிறது என்று நினைத்துப் பாருங்கள். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறதோ, அங்கே வாக்கியத்தை வெட்டிவிடலாம்.

சிக்கல் எங்கே என்றால், வந்த வரி தாளைத் தேடுவதற்குள் போய்விடுகிறது. வை.மு.கோதைநாயகி அம்மாளுக்கு ஆரம்பத்தில் எழுத வராது. தான் வாயால் சொல்லச் சொல்லத் தோழி எழுதிக் கொடுத்து வந்ததுதான் அவருடைய முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகம். பிற்பாடு அவர் எழுதியது நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள். அப்படியொரு தோழி நமக்கு வாய்க்காவிட்டால் என்ன, செல்போனில் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம். அடுப்படியில் ஒரு பென்சிலும் கிழித்த காலண்டர் தாளும் போதும், மாவுக் கையோடேகூட நாலு வார்த்தை கிறுக்கி வைக்கலாம்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நடந்தால், 'என்ன, தனியா பேச ஆரம்பிச்சுட்டியா?' என்று சிரிக்காதீர்கள். மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் பத்து நிமிஷம் கூடுதலாக நடந்துவிட்டு வரட்டுமே. கீழேயிருந்து குரல் கொடுக்காதீங்க. ஒரு டம்ளர் காபியைக் கலந்து குடிக்க அவள் இறங்கி வந்துதான் ஆகணுமா?

- ஓர் இல்லத்தரசி, மன்னார்குடி