குழல் புதிது, கூடு பழையது!

ரைபிளின் குழலைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு தோட்டாவுக்கு உரிய புதுக் குழலை வீட்டுப் பட்டறையிலேயே பொருத்திக்கொள்வது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு. ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துப் பூட்டும் பழைய போல்ட் ரைபிள்கள்தாம் இந்தப் பரிசோதனைக்குப் பெரிதும் இலக்காகின்றன. எம் பணம், எம் கை, எம் கடைசல் இயந்திரம். இதில் சர்க்காருக்கு என்ன வேலை என்பது அவர்கள் வாதம்.

கைத்தொழிலை நாம் இழித்துரைப்பவர்கள் அல்லர். இரும்பை அறிந்த கையை வணங்கத் தெரிந்தவர்கள் நாம். ஆனால், வேலை தெரிந்த கை வேறு. தன் வேலைக்குத் தானே நற்சான்று எழுதிக்கொள்ளும் கை வேறு. இந்த வேறுபாட்டை மறந்தால் விபத்து வரும் என்பதே நம் கருத்து.

தோட்டா வெடிக்கும்போது குண்டு முன்னே பாய்கிறது. அதே வேகத்தில் அழுத்தம் பின்னேயும் மோதுகிறது. அந்த மோதலைத் தாங்குவது குழல் மட்டும் அன்று. போல்ட்டும், அதைப் பூட்டி நிறுத்தும் ரிசீவர் என்ற இரும்புக் கூடும் தாங்க வேண்டும். சுடுபவன் கன்னம் அந்தக் கூட்டுக்குச் சில அங்குலத் தொலைவில்தான் இருக்கிறது!

கணக்கைப் பார்ப்போம். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார். பழைய .303 தோட்டாவுக்கு ஐரோப்பியச் சோதனை விதிகள் வகுத்துள்ள உச்ச அழுத்தம் 3,650 பார். இராணுவத்தின் 7.62 தோட்டாவுக்கு உடன்பிறப்பான .308 வின்செஸ்டருக்கோ 4,150 பார். .303-க்கென 1907-இல் வகுக்கப்பட்ட லீ-என்ஃபீல்டு கூட்டில் 7.62 குழலை முறுக்கி வைத்தால், மேற்கொண்டு வரும் 500 பாரை யார் தாங்குவது? புதுக் குழல் தாங்கும். பழைய கூடு தாங்குமா?

பேரரசின் தொழிற்சாலைகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1857 எழுச்சிக்குப் பின் வெள்ளையர் இந்தியச் சிப்பாய்களை நம்பவில்லை. குறி தவறாத ரைபிள் அவர்கள் கையில் இருக்கலாகாது என்று முடிவு கட்டினர். என்ஃபீல்டு ரைபிளின் குழலுக்குள் இருந்த மரைகளைக் கடைந்து அகற்றி, வழுவழுப்பான குழலாக்கிக் கொடுத்தனர். விளைவு? கடைந்த குழலின் சுவர் மெலிந்து போயிற்று. அடுத்த ஆண்டே, 1859-இல், தடித்த சுவருள்ள குழலைத் தனியே வகுக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் லீ-என்ஃபீல்டையும் இப்படியே .410 மஸ்கட்டாக்கி, தோட்டாப் பெட்டி இருந்த இடத்தை அடைத்து, ஒருமுறைக்கு ஒரு தோட்டா என்று இந்தியப் போலீசாரிடம் தந்தனர். குழலை மாற்றியவர்களின் நோக்கம் கேடானது. முதல் முயற்சியில் வேலையும் கேடாகவே முடிந்தது.

விடுதலை பெற்ற இந்தியா என்ன செய்தது? 1962 சீனப் போருக்குப் பின் 7.62 தோட்டாவுக்கான ரைபிள் அவசரமாகத் தேவைப்பட்டது. ஹூக்ளி நதிக்கரையில் உள்ள இசாப்பூர் தொழிற்சாலை, பழைய .303 ரைபிள்களைக் குவித்துக் குழலை மட்டும் மாற்றியிருக்கலாம். அப்படித்தான் செய்தார்கள் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். உண்மை அதுவன்று! உருவத்தைப் பழையபடி வைத்து, மேலான எஃகில் புதுக் கூடு வார்த்தார்கள். தோட்டாவின் அடிவிளிம்பு மாறியதால், வெற்றுத் தோட்டாவை இழுக்கும் உறுப்பையும் திருத்தினார்கள். 1963-இல் 2ஏ வந்தது. 1965-இல் 2ஏ1 வந்தது. எல்லையில் நெருக்கடி இருந்த வேளையிலும் எஃகைச் சிந்தித்த தொழிலாளியும் பொறியாளரும் நமக்கு ஆசான்கள். அவர்களுக்கு இல்லாத அவசரம் ஞாயிற்றுக்கிழமைப் பட்டறைக்காரருக்கு எதற்கு?

எதிர்த் தரப்பின் நியாயத்தையும் மறைக்க மாட்டோம். 1958-இல் வந்த சாவேஜ் 110 போன்ற ரைபிள்களில் குழலை ஒரு பெரிய நட்டுப் பூட்டிப் பிடிக்கிறது. அளவுகோல் வைத்துச் சரிபார்த்துக் குழலை மாற்றுவது அவற்றில் எளிது. அந்தக் கூடுகள் அதற்கு இசைந்தவை. ஆனால், அந்த எளிமையைக் கண்டு, எந்தப் பழைய கூட்டிலும் எந்தக் குழலையும் ஏற்றலாம் என்று எண்ணுவதே பேதைமை.

சட்டம் என்ன சொல்கிறது? அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம் கூட்டைத்தான் துப்பாக்கி என்கிறது. குழல் அதன் கண்ணுக்கு வெறும் உதிரிப் பாகம். பிரிட்டனிலோ குழலுக்கும் அனுமதி வேண்டும். 1868-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சோதனைச் சாலையில் வெடித்துப் பார்த்து முத்திரை குத்தாத குழலை விற்பதும் குற்றம். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம், துப்பாக்கியை மாற்றவும் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் உரிமம் கேட்கிறது. 2019 திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் உரிமத்துக்குள் கொண்டுவந்தது.

உயிர் அவருடையது, நமக்கென்ன என்று கைகழுவ முடியாது. அந்த ரைபிள் நாளை விற்கப்படும்; மகனுக்குப் போகும்; அண்டை வீட்டாருக்கு இரவலாகும். மாற்றியவருக்குத் தெரிந்த குறை, வாங்குபவருக்குத் தெரியாது. குழலின் மேல் குத்திய முத்திரை ஒன்றே அந்த அறியாதவனுக்குக் காவல்.

ஆகவே நாம் கேட்பது இரண்டே. குழலையும் ஆயுதமாகவே சட்டம் எண்ண வேண்டும். குழல் மாற்றிய எந்த ரைபிளும், மாற்றியவர் அல்லாத வேறொருவரின் சோதனையில் தேறாமல் கைமாறலாகாது. உரிமை பேசுவோர் இதை எதிர்ப்பார்களேயானால், அவர்களை ஒன்று கேட்போம்: அறியாமல் சுடப்போகிறவனின் கண்ணுக்கும் கன்னத்துக்கும் உரிமை இல்லையா?