ஷெட்டுக்கு லிஃப்ட் வாங்கும் முன்...

பண்ணைப் பட்டறை - கேள்வி பதில்

''ஏழு ஏக்கரில் தென்னையும் ஊடுபயிரும் வைத்திருக்கிறோம். 45 ஹெச்.பி டிராக்டர், ஒரு பிக்கப் வண்டி, ஒரு சிறிய கார் உள்ளன. மகன் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவன். ஆயில் மாற்றுவது, பிரேக் வேலை, ரோட்டவேட்டருக்கு ஹைட்ராலிக்கில் தூக்கி அடியில் படுத்து பிளேடு மாற்றுவது எல்லாம் அவனே செய்துகொள்கிறான். ஷெட்டில் இரண்டு தூண் கார் லிஃப்ட் வைக்கலாம் என்கிறான். ஷெட் 30 அடிக்கு 20 அடி; தகரக் கூரை, 11 அடி உயரம். எந்த லிஃப்ட் வாங்கலாம்?''

- வாசகர், உடுமலைப்பேட்டை

இந்தக் கடிதத்தில் லிஃப்டைவிட முக்கியமான ஒரு வரி இருக்கிறது. ரோட்டவேட்டரை ஹைட்ராலிக்கில் தூக்கி நிறுத்திவிட்டு, அதன் அடியில் படுத்து பிளேடு மாற்றுவதாக எழுதியிருக்கிறார். அதை இன்றே நிறுத்த வேண்டும். டிராக்டர் ஹைட்ராலிக், கருவியைத் தூக்கி இறக்குவதற்கான அமைப்பு. தாங்கி நிற்பதற்கான அமைப்பு அல்ல. இன்ஜின் நின்றிருந்தாலும், யாராவது தெரியாமல் லிவரைத் தட்டினால் கருவி இறங்கிவிடும். சீல் தேய்ந்திருந்தாலோ, ஹோஸ் வெடித்தாலோ லிவரைத் தொடாமலேயே இறங்கும். நாலைந்து குவிண்டால் எடை நெஞ்சில் இறங்கினால் கூப்பிடக்கூட நேரம் இருக்காது.

பிளேடு மாற்றும் முறை எளிமையானது. கருவியைத் தூக்கி, இரண்டு பக்கமும் சட்டத்துக்கு அடியில் உறுதியான இரும்பு ஸ்டாண்டையோ, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கனத்த மரக்கட்டைகளையோ வைக்க வேண்டும். பிறகு ஹைட்ராலிக்கை இறக்கி, முழு எடையும் கட்டைமீது உட்காரும்படி செய்ய வேண்டும். இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பார்க்கிங் பிரேக் போட்டு, பி.டி.ஓ ஷாஃப்டையும் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும். கூடுதலாக ஆகும் நேரம் பத்து நிமிடம்தான்.

இனி லிஃப்ட் விஷயம்.

டிராக்டருக்கு கார் லிஃப்ட் ஆகாது

இரண்டு தூண் லிஃப்ட் என்பது, நான்கு கைகளை வண்டிக்கு அடியில் நீட்டி, சேஸிஸிலோ கார் கம்பெனி குறித்திருக்கும் தூக்கும் இடங்களிலோ பிடித்துத் தூக்குவது. டிராக்டரில் அப்படி நான்கு இடங்கள் கிடையாது. முன்புறம் குறுகல், பின்புறம் அகலம். எடையில் பெரும்பகுதி பின் அச்சில் இருக்கிறது. அதனால் டிராக்டரைக் கார் லிஃப்டில் ஏற்றும் எண்ணமே வேண்டாம். ஆக, வாசகர் வாங்கப்போகும் லிஃப்ட் பிக்கப்புக்கும் காருக்கும் மட்டுமே பயன்படும். பணத்தைக் கணக்கிடும்போது இதை மனதில் வைக்க வேண்டும்.

மூன்று வகை லிஃப்ட்

இரண்டு தூண் லிஃப்டில் நான்கு சக்கரங்களும் அந்தரத்தில் தொங்கும். பிரேக், சஸ்பென்ஷன், கியர் பாக்ஸ், சைலன்சர் என எல்லா வேலைக்கும் இதுதான் வசதி. ஆனால், முழு எடையையும் இரண்டு தூண்களின் அடியில் உள்ள போல்ட்டுகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. தரை சரியில்லை என்றால் லிஃப்டும் சரியில்லை.

நான்கு தூண் லிஃப்டில் இரண்டு நீளப் பலகைகள்மீது வண்டியை ஓட்டி ஏற்ற வேண்டும். வண்டி தன் சக்கரத்திலேயே நிற்பதால் கவிழும் பயம் குறைவு. ஆயில் மாற்ற, அடிப்பாகம் பார்க்க, ஒரு காருக்கு மேல் இன்னொரு காரை நிறுத்திவைக்க ஏற்றது. சக்கரம் கழற்ற வேண்டுமானால் நடுவில் தனி ஜாக்கி வாங்க வேண்டும். இடத்தையும் அதிகம் பிடிக்கும்.

கத்தரி லிஃப்ட், மடக்கினால் தரையோடு படிந்துவிடும். கூரை தாழ்வான ஷெட்டுக்கு நல்லது. மூன்று அடி அளவுக்குத் தூக்கும் ரகங்களில் டயர், பிரேக் வேலையை உட்கார்ந்து செய்யலாம். நடுப்பகுதியை லிஃப்டே அடைத்துக்கொள்வதால் கியர் பாக்ஸ் இறக்குவது சிரமம்.

கூரை உயரம்: ஒரு கூட்டல் கணக்கு

ஆள் நிமிர்ந்து நின்று வேலை செய்ய, சக்கரங்கள் ஏறக்குறைய 5 அடி மேலே போக வேண்டும். சிறிய கார் சுமார் 5 அடி உயரம். 5-ம் 5-ம் 10 அடி. 11 அடி கூரையில் ஓர் அடி மிச்சம். பிக்கப் 6 அடி 2 அங்குலம் என்று வைத்தால், 11 அடி 2 அங்குலம் ஆகிறது. கேபின் கூரையைத் தகரம் கிழித்துவிடும். அதாவது, இந்த ஷெட்டில் பிக்கப்பை முழு உயரம் தூக்க முடியாது. பாதி உயரத்தில் நிறுத்தி, குனிந்துதான் வேலை செய்ய வேண்டும்.

அதோடு, 11 அடி என்பது முகட்டிலா, ஓரத்திலா என்பதையும் பார்க்க வேண்டும். தூண் நிற்கப்போகும் இடத்துக்கு நேர் மேலே டேப் பிடித்து அளப்பதுதான் சரி. குறுக்குச் சட்டமும் டியூப்லைட்டும் தொங்கினால் அவற்றின் அடிவரைதான் உயரம்.

இரண்டு தூண் லிஃப்டிலும் இரண்டு ரகம் உண்டு. இரண்டு தூண்களையும் இணைக்கும் கேபிளும் குழாயும் ஒன்றில் தலைக்கு மேலே போகும். மற்றொன்றில் தரையில் ஒரு தகட்டுக்கு அடியில் போகும். மேலே போகும் ரகத்துக்கு 12 அடி அளவில் உயரம் தேவை. இந்த ஷெட்டுக்குத் தரைத்தகடு ரகம்தான் பொருந்தும். தூண் ஆடுகிறதே என்று கூரைச் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் வைப்பது பெரும் தவறு. தூணை நிறுத்த வேண்டியது தரை, கூரை அல்ல.

தரையைச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்

நம் பக்கத்து ஷெட்டுகளில் தரை என்பது பெரும்பாலும் ஜல்லி கொட்டி மேலே இரண்டு, மூன்று அங்குலம் பூசிய காங்கிரீட்தான். மூட்டை அடுக்க அது போதும். தூண் போல்ட் பிடிக்கப் போதாது. லிஃப்ட் கம்பெனிகள் குறைந்தபட்சமாகக் கேட்பது பொதுவாக 4 முதல் 6 அங்குலக் கனமுள்ள நல்ல காங்கிரீட். எவ்வளவு கனம், என்ன தரம் என்பது ஒவ்வொரு மாடலின் அடித்தள வரைபடத்திலும் இருக்கும். அதை முதலில் கேட்டு வாங்க வேண்டும். தர மறுக்கும் கடையில் லிஃப்டே வாங்க வேண்டாம்.

தூண் வரும் இடத்துக்கு அருகில் ஒரு துளை போட்டுப் பார்த்தால் கனம் தெரிந்துவிடும். போதவில்லை என்றால், தூண் வரும் பகுதியை வெட்டியெடுத்து, கம்பி கட்டி, எம்25 தரத்தில் புதிதாகப் போட வேண்டும். 28 நாள் கழித்துத்தான் போல்ட் அடிக்க வேண்டும். விரிசலுக்குப் பக்கத்திலோ, பழைய, புதிய காங்கிரீட் சேரும் கோட்டின் அருகிலோ போல்ட் வரக் கூடாது. கரிசல் மண் நிலமாக இருந்தால் கூடுதல் கவனம் தேவை. மழையில் உப்பி, கோடையில் பிளக்கும் அந்த மண், மேலே உள்ள தரையையும் சேர்த்து வெடிக்க வைக்கும். பொறியாளர் ஒருவரிடம் காட்டி, கரிசலை ஆழமாக அகற்றி கிராவல் நிரப்பிய பிறகே காங்கிரீட் போட வேண்டும்.

எத்தனை டன்?

வண்டியின் காலி எடையும் சுமையோடு கூடிய எடையும் ஆர்.சி-யில் இருக்கும். 4 டன் லிஃப்ட் என்றால் நான்கு கைகளுக்கும் சேர்த்து 4 டன். ஒரு கைக்கு 1 டன். பிக்கப்பில் பின்னால் பத்து மூட்டை தேங்காய் இருந்தால், மொத்த எடை 4 டன்னுக்குள் இருந்தாலும் பின்கைகளில் பாரம் கூடி வண்டி சாயலாம். பிக்கப்பைக் காலி செய்துவிட்டுத்தான் தூக்க வேண்டும்.

வண்டியை ஒரு சாண் உயரம் மட்டும் தூக்கி, நான்கு பிடிமானங்களையும் சுற்றிவந்து பார்த்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே மேலே கொண்டுபோக வேண்டும். வேண்டிய உயரம் வந்ததும் சற்றே இறக்கி, இரண்டு தூண்களிலும் பூட்டு விழுந்து, அதன்மீது எடை உட்கார்ந்த பிறகே அடியில் போக வேண்டும். ஆயில் அழுத்தத்தை மட்டும் நம்பி அடியில் நிற்பதும், ஹைட்ராலிக்கில் தூக்கிய ரோட்டவேட்டருக்கு அடியில் படுப்பதும் ஒன்றுதான்.

கரன்ட்

இந்த லிஃப்டுகளில் பெரும்பாலும் 3 ஹெச்.பி அளவு மோட்டார் இருக்கும். மும்முனை, ஒருமுனை இரண்டிலும் கிடைக்கிறது. கிணற்று மோட்டாருக்கான இலவச மின் இணைப்பிலிருந்து இதற்கு ஒயர் இழுக்கக் கூடாது, அது விதிமீறல். வீட்டு இணைப்பில் ஒருமுனை மோட்டார் ஓட்டுவதென்றால் தனி ஒயர், தனி எம்.சி.பி, சரியான எர்த் வேண்டும். இருக்கும் லோடு போதுமா என்று மின் வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. ஊர் வண்டிகளுக்கும் கூலிக்கு வேலை பார்ப்பதாக இருந்தால், வணிக இணைப்பும் உள்ளாட்சியின் தொழில் உரிமமும் தேவைப்படும்.

வாங்குவோர் பலர் யோசிக்காத ஒன்றும் உண்டு. பூட்டில் உட்கார்ந்திருக்கும் வண்டியை இறக்க, முதலில் சற்று மேலே தூக்கித்தான் பூட்டை விடுவிக்க முடியும். அதற்கு மோட்டார் ஓட வேண்டும். கரன்ட் போனால் வண்டி விழாது. ஆனால் கீழேயும் வராது. காலையில் சந்தைக்குப் போக வேண்டிய பிக்கப் மேலேயே நிற்கும். கை பம்பு வைத்த மாடலா, ஜெனரேட்டர் தாங்குமா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

இவருக்கு எது சரி?

இப்போதைக்கு லிஃப்ட் வேண்டாம். இரண்டு வண்டிகளுக்கு வருடத்தில் லிஃப்ட் தேவைப்படும் நாள்கள் பத்தைத் தாண்டாது. லிஃப்ட் விலை, ஜி.எஸ்.டி, லாரி வாடகை, அடித்தளம், ஒயரிங் எல்லாம் கூட்டி அந்தப் பத்து நாளால் வகுத்துப் பார்த்தால் மகனுக்கே புரியும். 20 அடி அகல ஷெட்டில் லிஃப்ட் நின்றால், டிராக்டரும் கருவிகளும் மழையில் நிற்க வேண்டியும் வரலாம்.

அதற்குப் பதில், ஷெட்டின் ஒரு பாதியை மட்டம் பார்த்து, 6 அங்குலக் கனத்தில் எம்25 காங்கிரீட்டாகப் போட்டுக்கொள்ளலாம். 3 டன் டிராலி ஜாக்கி ஒன்று, 3 டன் ஸ்டாண்டு நான்கு, டிராக்டருக்கு 10 டன் பாட்டில் ஜாக்கி ஒன்று, உயரமான கனரக ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்குக் கொடுக்கும் ஆப்புக் கட்டைகள் ஆகியவை வாங்கினால் மூன்று வண்டிகளுக்கும் பயன்படும். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு தாங்குவதற்கு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஹாலோ பிளாக், செங்கல், கருங்கல் ஆகியவற்றை முட்டுக் கொடுக்கக் கூடாது. முதல் இரண்டும் சொல்லாமல் நொறுங்கும்; மூன்றாவது நழுவும்.

டிராக்டரின் பின்சக்கரத்தைக் கழற்றும்போது ஒரு விஷயம். டிராக்டரின் முன் அச்சு, மேடு பள்ளத்துக்கு ஏற்ப நடுவில் ஆடும்படி அமைக்கப்பட்டது. பின்பக்கம் ஒன்றைத் தூக்கினால் வண்டி அந்த அச்சில் புரண்டு சாயும். முன் அச்சுக்கும் மேலே உள்ள சட்டத்துக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்பு அடித்துவிட்டுத்தான் ஜாக்கி போட வேண்டும். டயரில் தண்ணீர் நிரப்பியிருந்தால் நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் எடை இருக்கும். அதை ஒரே ஆளாக உருட்டக் கூடாது.

மகன் பிற்பாடு சர்வீஸ் தொழிலே தொடங்குவதாக இருந்தால், கூரையை உயர்த்திய பிறகு, அதே காங்கிரீட்டை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, 4 டன் தரைத்தகடு ரக லிஃப்டை நிறுத்திக்கொள்ளலாம். போட்ட தரை வீண்போகாது.

''லிஃப்டுக்குப் பதில் ஷெட்டில் பள்ளம் வெட்டி, மேலே வண்டியை நிறுத்தி வேலை செய்யலாமா?''

- வாசகர், மன்னார்குடி

செலவு குறைவுதான். ஆனால், டெல்டாவில் நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடங்களில் மழைக்காலத்தில் பள்ளம் கிணறாகிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி-யும் காற்றைவிடக் கனமானவை. பள்ளத்தில் இறங்கித் தேங்கி நிற்கும். ஒரு தீப்பொறி போதும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பள்ளத்தில் நிற்கக் கூடாது. பள்ளத்துக்குள் பிளக் பாயின்டோ, வெல்டிங்கோ கூடாது. இரண்டு பக்கமும் படி வேண்டும். வேலை இல்லாதபோது கனத்த பலகையால் மூடிவைக்க வேண்டும். வீட்டில் குழந்தைகள், ஆடு மாடு இருந்தால் இது இன்னும் முக்கியம்.

''மூடிய பட்டறையிலிருந்து பழைய இரண்டு தூண் லிஃப்ட் பாதி விலைக்கு வருகிறது. வாங்கலாமா?''

- வாசகர், கோவில்பட்டி

கழற்றி அடுக்கிவைத்த லிஃப்டை வாங்க வேண்டாம். நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வண்டியை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் ஏறுகிறதா, எல்லாப் படியிலும் பூட்டு விழும் சத்தம் இரு தூணிலும் கேட்கிறதா, தூக்கி நிறுத்திய வண்டி தானாக இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிளில் ஒரு இழை அறுந்திருந்தாலும் புதிது மாற்றும் செலவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைகளின் மூட்டில் மறு வெல்டிங் தெரிந்தால் திரும்பி வந்துவிடலாம். மாடல் எண், கொள்ளளவு எழுதிய தகடு இல்லாத லிஃப்டை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பழைய நங்கூர போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தக் கூடாது. அவை புதிதாகத்தான் இருக்க வேண்டும். கோவில்பட்டி கரிசல் பூமி என்பதால், தரை பற்றி மேலே சொன்னது இவருக்கும் பொருந்தும்.

ஷெட், லிஃப்ட், ஜாக்கி பற்றிக் கேள்வி அனுப்பும் வாசகர்கள், ஷெட்டின் நீள அகலம், ஓரத்தில் கூரை உயரம், மண் வகை, வண்டிகளின் ஆர்.சி எடை ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால் பதில் இன்னும் துல்லியமாக அமையும்.