செகண்ட்ஸ் பிராசசர் மாட்டியதும் கம்ப்யூட்டர் படுத்துகிறதா?

பெரம்பூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன் போனால் அரசினர் தோட்டம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் ரிச்சி தெரு. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாத பிராசசர், அங்கே செகண்ட்ஸில் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். காலேஜ் புராஜெக்ட்டுக்காக வாங்கி வந்து மாட்டுகிறான் பையன். இரண்டு நாள் ஓடுகிறது. மூன்றாம் நாள் நீலத்திரை!

“ஏமாத்திட்டாங்கப்பா” என்கிறான் பையன். “மொதல்ல பில்லை எடுடா” என்கிறார் அப்பா.

அப்பா சொன்னதுதான் சரி. செகண்ட்ஸ் பொருளுக்குக் கடைக்காரர் தரும் டெஸ்டிங் வாரன்ட்டி பெரும்பாலும் சில நாள்களுக்குத்தான். அதற்குள் குற்றவாளி யாரென்று கண்டுபிடித்தாக வேண்டும். அது பிராசசராகத்தான் இருக்கும் என்பதும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை: புராஜெக்ட் ஃபைல்களை உடனே பென் டிரைவில் ஏற்றிவிடுங்கள். அடிக்கடி நின்றுபோகும் கம்ப்யூட்டரில் ஃபைல்கள் கெட்டுப்போகலாம்.

சூடு: ஹெச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச மென்பொருளில் பிராசசரின் வெப்பத்தைப் பாருங்கள். வேலை கொடுத்ததுமே 95, 100 டிகிரிக்குப் பாய்ந்தால், கூலர் சரியாக உட்காரவில்லை அல்லது பேஸ்ட் சரியில்லை. துடைத்து, புதிதாகப் பேஸ்ட் வைத்து மாட்டுங்கள்.

பயாஸ்: மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில், அந்த பிராசசருக்கு எந்த பயாஸ் தேவை என்ற பட்டியல் இருக்கும். பழையதாக இருந்தால் அப்டேட் செய்து, செட்டிங்ஸை டிஃபால்ட்டுக்குக் கொண்டு வாருங்கள். ராமின் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி.யையும் அணைத்துவிடுங்கள்.

ராம்: மெம்டெஸ்ட்86 மென்பொருளை ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். பிழை காட்டினால் ஒவ்வொரு ராமாகப் போட்டுச் சோதியுங்கள். சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருந்தாலும் ராம் தகராறு செய்யும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

பழையதை மாட்டுங்கள்: இதுதான் முக்கியமான சோதனை. பழைய பிராசசரிலும் நீலத்திரை வந்தால், புதிதாக வந்தவர் நிரபராதி. வரவில்லையென்றால் சந்தேகம் வலுக்கிறது. ஆனால், பெரிய பிராசசருக்கு மின்சாரம் அதிகம் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். தாக்குப்பிடிக்காமலும் நின்றுபோகலாம். நண்பரிடம் நல்லதாக ஒன்று இரவல் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.

வாங்கியது இன்டெல்லின் 13 அல்லது 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசரா? குறிப்பாக கோர் ஐ7, ஐ9 என்றால் கூடுதல் கவனம் தேவை. மைக்ரோகோடு கோளாறால் இவை அளவுக்கு அதிகமான வோல்ட்டேஜை இழுத்துக்கொள்வதாக 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. கேம் திறக்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று வருவதும், ஜிப் ஃபைலைப் பிரிக்கும்போது பிழை காட்டுவதும் இதன் அடையாளங்கள். 2024 செப்டம்பருக்குப் பிறகு வந்த பயாஸ் மேற்கொண்டு சேதமாகாமல் காக்கும். ஏற்கெனவே சேதமானதைச் சரிசெய்யாது. முதலில் வைத்திருந்தவர் அதை எப்படி ஓட்டினார் என்பது யாருக்குத் தெரியும்?

ஆறுதலும் உண்டு. பெட்டியில் விற்ற இந்த பிராசசர்களுக்கு வாரன்ட்டியை 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக இன்டெல் நீட்டித்தது. ஆகவே, பிராசசரின் உலோக மூடியில் உள்ள எண்களை மாட்டுவதற்கு முன்பே போட்டோ எடுத்து, இன்டெல் இணையதளத்தில் வாரன்ட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தமுறை ரிச்சி தெருவுக்குப் போனால், கடையிலேயே மாட்டி அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். டெஸ்டிங் வாரன்ட்டி எத்தனை நாள் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது மூன்றாம் நாள் நீலத்திரைக்கு உதவாது!