கமிஷனில் பங்கு வாங்கலாமா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த மனைவிக்கு பி.எஃப்., பணிக்கொடை சேர்த்து 4 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் மொத்தமாகப் போட்டால், கமிஷனில் பாதியைத் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். வாங்கலாமா?

- பேரணாம்பட்டு வாசகர்

வாங்கக் கூடாது, விதிப்படி அவர் தரவும் கூடாது. நுழைவுக் கட்டணத்தைக் குறைப்பதாகச் சொன்னாலும் நம்ப வேண்டாம். அதை 2009 ஆகஸ்ட் 1 முதலே செபி எடுத்துவிட்டது. பாதி கமிஷன் ஒருமுறை கைக்கு வரும். ‘ரெகுலர்’ திட்டத்தில் கமிஷன் வருடா வருடம் கழியும். 2013 ஜனவரியில் வந்த ‘டைரக்ட்’ திட்டத்தில் ஏஜென்ட் கமிஷனே இல்லை. செலவு வித்தியாசம் 1% என்றால், 4 லட்சத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 4,000 ரூபாய் மிச்சம். பல பங்குச்சந்தை ஃபண்டுகளில் ஓராண்டுக்குள் பணத்தை எடுத்தால் 1% வெளியேறும் கட்டணம் பிடிப்பார்கள். அடுத்த போகத்துக்கோ, போர் போடவோ தேவைப்படும் பணத்தை வங்கி டெபாசிட்டிலேயே வைக்கவும்.