இரண்டரை நூல் பித்தளை

ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் நட்டு முதலில் அசையாது. பிறகு கொஞ்சம் வரும், ஆனால் இரும்பு ரப்பராகிவிட்டதுபோல ஒரு கொழகொழப்போடு வரும். நட்டு கழல்கிறது என்று சந்தோஷப்படுகிறவர் தொழிலுக்குப் புதியவர். பழகிய கை அங்கேயே நின்றுவிடும். சுழல்வது நட்டு அல்ல, உள்ளே ஸ்டட் முறுக்கிக்கொள்கிறது என்று அதற்குத் தெரியும். இன்னும் கால் சுற்று இழுத்தால் 'டக்'. நட்டும் பாதி ஸ்டட்டும் ஸ்பேனரோடு வந்துவிடும், மீதி எஞ்சினுக்குள்ளேயே குடியிருக்கும்.

பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரைப் புதுப்பிக்க இறங்கும் பலருக்கும் முதல் வாரத்திலேயே இந்த அனுபவம் கிடைத்துவிடுகிறது. 1962இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான இந்த கார், 1980 வரை ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்திலுள்ள அபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. இன்றும் இதற்குக் கிடைக்காத பாகம் என்று அநேகமாக எதுவும் இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988 முதல் முழு பாடியையே புதிதாகச் செய்து விற்கிறது. அப்படி இருக்க, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத நட்டுக்கு என்ன பெரிய யோசனை என்று தோன்றும். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எம்.ஜி.பி.யின் 1,798 சி.சி. எஞ்சின் பி.எம்.சி. நிறுவனத்தின் 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. நம்மூர் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் அதே வீட்டுப் பிள்ளைதான். இந்தக் குடும்பத்துக்கு ஒரு விசித்திரம் உண்டு. காற்றும் பெட்ரோலும் நுழையும் வழியும் புகை வெளியேறும் வழியும் சிலிண்டர் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில் இருக்கின்றன. மொத்தம் ஐந்து வாய்கள்: மூன்று புகைக்கு, இரண்டு காற்றுக்கு, மாறி மாறி. அலுமினிய இன்லெட் மேனிஃபோல்டும் வார்ப்பிரும்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்க, இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பவை ஆறே ஆறு ஸ்டட்கள். நடு நான்கில் தடித்த பெரிய வாஷர்கள். ஒவ்வொன்றின் ஒரு பாதி இன்லெட் விளிம்பில், மறு பாதி எக்ஸாஸ்ட் விளிம்பில்.

பழைய நட்டுகள் துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்ததும் பலருக்கு முதலில் வரும் ஆசை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பளபளவென்று இருக்கும், துரு ஏறாது. சமையலறைக்கு அது நியாயம். ஆனால் ஸ்டெயின்லெஸைக் காப்பாற்றுவது அதன் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம். ஸ்டெயின்லெஸ் ஸ்டட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை முடுக்கினால் மரையில் அந்தப் படலம் உரசிப் போய்விடும். உலோகமும் உலோகமும் நேராக ஒட்டிக்கொள்ளும். வெல்டிங் வைக்காமலே வெல்டிங். நெருப்பே காணாத ஒர்க்‌ஷாப் மேஜையிலேயே இது நடக்கும், எக்ஸாஸ்ட் சூட்டில் கேட்கவே வேண்டாம். போதாததற்கு, சூடேறும்போது சாதாரண ஸ்டெயின்லெஸ் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். ஸ்டட் நீண்டால் பிடி தளரும்.

சரி, உரமான போல்ட்டுக் கடைச் சரக்கு? 8.8, 10.9 என்று தலையில் எண் பொறித்தவை காய்ச்சிக் குளிர்வித்துப் பதப்படுத்தியதால் உரம் பெற்றவை. பதம் வைத்த சூட்டைத் தாண்டிக் காய்ந்தால் அந்த உரம் கரைந்துவிடும். தொழிற்சாலை வைத்த பதத்தை மேனிஃபோல்டு எடுத்துவிடும் என்று வைத்துக்கொள்ளலாம். துத்தநாக முலாமும் துணை வராது, துத்தநாகம் 420 டிகிரியில் உருகும். நைலான் வளையம் வைத்த பூட்டு நட்டைப் பற்றிப் பேசுவதே வீண்.

மிஞ்சியது பித்தளை. எம்.ஜி.பி.யில் மேனிஃபோல்டோடு இரட்டைக் குழாய் சேரும் இடத்தில், குழாய்க்கு மூன்றாக, ஆறு பித்தளை நட்டுகள் உண்டு. ஹெட் பக்கமும் அதையே போடுவது புதுப்பிப்பவர்களின் வழக்கம். இரும்பும் பித்தளையும் ஒன்றோடொன்று துருவாகிப் பிணைந்துகொள்வதில்லை. சூடேறினால் பித்தளை இரும்பைவிட அதிகம் விரிவதால் மரையை நெரிப்பதில்லை. மென்மையான உலோகம் என்பதால் நட்டைக் கொஞ்சம் நீளமாகச் செய்து மரைகளைக் கூட்டியிருப்பார்கள். பத்து வருஷம் கழித்துக் கழற்றும்போது ஒருவேளை இறுகியிருந்தாலும் போவது நட்டு. உளியால் பிளந்து எறிந்துவிடலாம், ஸ்டட் பிழைக்கும். டர்போ எஞ்சினின் சூட்டுக்கு இது தாங்காது, அங்கே நிக்கல் கலப்பு உலோகங்கள் வேண்டும். அறுபதுகளின் சாதுவான நான்கு சிலிண்டருக்கு இந்த மென்மையே போதும்.

உலோகம் முடிவானது. அளவில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

இந்த ஸ்டட் 5/16 அங்குலம், நம்மூர் பட்டறைக் கணக்கில் இரண்டரை நூல். மில்லிமீட்டரில் 7.94. கடையில் எளிதாகக் கிடைப்பதோ எட்டு மில்லிமீட்டர் நட்டு. வித்தியாசம் ஒரு முடி அளவு. முதல் மரையில் ஏறவும் ஏறும். ஆனால் எம்.ஜி.பி. ஸ்டட்டின் நட்டு முனையில் அங்குலத்துக்கு 24 நுண்மரைகள், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1.06 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் நட்டிலோ வழக்கமாக 1.25. இரண்டு சுற்றுக்கு மேல் வற்புறுத்தினால் இரண்டு மரையும் நாசம். ஸ்பேனரிலும் இதே கண்கட்டுதான். நட்டுக்கு வேண்டியது அரை அங்குல ஸ்பேனர், 12.7 மில்லிமீட்டர். கைக்கெட்டிய 13ஆம் நம்பரை மாட்டினால் பித்தளையின் மூலைகள் மழுங்கி நட்டு உருண்டையாகிவிடும்.

வாஷரையும் விட்டுவிடக் கூடாது. அழகாக இருக்கிறதென்று மெல்லிய விளிம்புள்ள புது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வாங்கி, பழைய இன்லெட்டோடு சேர்த்தால் பெரிய வாஷர் சாய்ந்து உட்காரும். தடித்த பக்கம் இறுகும், மெல்லிய பக்கம் மூச்சுவிடும். புகைப் பக்கம் கசிந்தால் குளிர்ந்த எஞ்சினில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கிப்போகும். காற்றுப் பக்கம் கசிந்தால் ஐடிலிங் தடுமாறும், சொந்தக்காரர் பாவப்பட்ட கார்புரேட்டரைத் திருகிக்கொண்டே இருப்பார். விளிம்புகளைக் கடைந்து சமமாக்குவதுதான் நேர்வழி.

எம்.ஜி.பி.யின் ஹெட்டாவது வார்ப்பிரும்பு. டாட்சன் 240 இசட் மாதிரி அலுமினிய ஹெட்டில் நீண்ட இரும்பு மேனிஃபோல்டு தொங்கும் ஆறு சிலிண்டர்களில் கதை இன்னும் கடுமை. இரண்டடி வார்ப்பிரும்பு 400 டிகிரி சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். குளிர்நீர் ஓடும் ஹெட் அந்த அளவுக்கு நீளாது. இழுபறி முழுவதும் கடைசி ஸ்டட்டின் தலையில். அதனால்தான் மேனிஃபோல்டு துளைகள் ஸ்டட்டைவிடப் பெரிதாக இருக்கின்றன, உலோகம் நகர இடம் வேண்டுமே. நன்றாக இருக்கட்டும் என்று வெறிகொண்டு முடுக்குபவர் அந்த நகர்வைத் தடுத்து ஸ்டட்டை ஒடிக்கிறார்.

எம்.ஜி.பி.க்குச் சொல்லப்பட்ட முடுக்கம் 15 பவுண்டு-அடி, சுமார் 20 நியூட்டன் மீட்டர். தடி ஆளின் மணிக்கட்டுக்கு இது ஒன்றுமே இல்லை. மரையில் பிடிப்புத் தடுக்கும் பசை தடவியிருந்தால் உராய்வு குறையும், அதற்கேற்ப இதையும் குறைக்க வேண்டும். நடுவிலிருந்து வெளியே, கொஞ்சம் கொஞ்சமாக. ஓரிரு முறை நன்றாகச் சூடாகி ஓடிய பிறகு எஞ்சினை முழுக்க ஆறவிட்டு, அதே அரை அங்குல ஸ்பேனரோடு இன்னொரு முறை குனிய வேண்டும். ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும். நட்டு எட்டில் ஒரு சுற்று வரக்கூடும், இந்தமுறை கொழகொழப்பு இல்லாமல்.